புளி போட்டு விளக்கிய தோட்டாக் கூடுகள்

காலைத் தேத்தண்ணிக்கு வரும் பாக் ஹமிட்டின் வெள்ளைத் தாடியில் பொன்பொடி ஒட்டியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது இந்த மனுஷன் ஏதோ நகைப் பட்டறையிலிருந்து வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். தாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்று கையால் சாடை காட்டினேன். அவர் துடைத்துவிட்டுச் சிரித்தார். மறுநாள் மறுபடியும் பொடியோடு வந்தார். இங்கே மலாய் நாட்டில் கெலாங் பாத்தாவைத் தாண்டி, செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப் இருக்கிறது. அதன் கேண்டீனில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைப் பொட்டலம் கட்டுவதும் தேத்தண்ணி ஆற்றுவதும் என் வேலை. பாக் ஹமிட் பட்டாளத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, சரிசெய்து, மறுபடி மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவாக்குவது அவர் வேலை. தாடியில் ஒட்டியிருந்தது பொன் இல்லை. அந்தக் கூடுகளின் வாயைச் சீவும்போது பறக்கிற பித்தளைப் பொடி.

நான் இந்த நாட்டுக்குக் கல்யாணமாகி வந்தவள். இங்கே பாலோ பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்தவர், இளையான்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழைத்து வந்தார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள், அவர்கள் அடையாளக் கார்டு குடிமக்களுக்குள்ள நீலம். என்னுடையது இன்னும் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குள்ள சிவப்புதான். இரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், எழுதியதை மருமகள் சரிபார்த்துக் கொடுப்பாள். ஆனால் சொல்கிற விஷயத்தை யாரும் எனக்குச் சரிபார்க்க வேண்டியதில்லை. மகன் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். உட்கார்ந்து சாப்பிடும்மா, எதற்கு இந்தக் கேண்டீன் என்பான். உட்கார்ந்து சாப்பிட நான் என்ன சுவரில் மாட்டிய படமா?

ஊரில் நான் பார்த்த துப்பாக்கி நரிக்குறவர் தோளில் தொங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்றுதான். கொக்கு அடிக்கக் கண்மாய்க்கு வருவார்கள். குழாய்க்குள் மருந்தைக் கொட்டி, துணியைத் திணித்து, குச்சியால் இடிப்பார்கள். எவ்வளவு மருந்து என்று கேட்டால் உள்ளங்கையைக் காட்டுவார்கள். எங்கள் ஊரில் எல்லாமே அப்படித்தான். குழம்புக்கு உப்பும் கண்ணளவு, களத்தில் நெல்லும் கண்ணளவு, பொண்ணுக்கு மாப்பிள்ளையும் கண்ணளவு. அப்படி வளர்ந்தவளுக்கு பாக் ஹமிட் செய்கிற காரியம் முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. மேசையில் ஒரு சின்ன இரும்பு மிஷின். அதில் ஒரு கூட்டைப் படுக்க வைத்து இறுக்குவார், கைப்பிடியைச் சுற்றுவார், கூட்டின் வாயிலிருந்து முடி மாதிரிப் பித்தளைச் சுருள் உதிரும். எடுத்து, வாயின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் மழித்து, அளவுகோலில் வைத்துப் பார்ப்பார். பிறகு அடுத்தது. நாள் முழுக்க இதே.

எதற்கு இத்தனை பாடு என்று ஒரு நாள் கேட்டேன். மலாய்க்காரர்கள் வயதான தமிழ்ப் பெண்களை ஆச்சி என்பார்கள், அவரும் அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார். எனக்குப் புரிகிற மலாயில் பொறுமையாக விளக்கினார். பித்தளை மென்மையான உலோகம். ஒவ்வொரு தரம் சுடும்போதும் அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் கூடு கொஞ்சம் நீண்டுவிடும். எல்லாம் ஒரே மாதிரி நீளாது, ஒன்று அதிகம் ஒன்று குறைவு. நீளம் ஒன்றாக இல்லாவிட்டால் கூட்டின் கழுத்து குண்டைப் பிடிக்கிற பிடியும் ஒன்றாக இருக்காது. பிடி மாறினால் குண்டு போகிற இடம் மாறும். ரொம்ப நீண்டுவிட்டால் துப்பாக்கிக்குள் போய் அடைத்துக்கொள்ளும், அது ஆபத்து. இவ்வளவையும் சொல்லிவிட்டு, மிஷினிலிருந்த கூட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று. நகத்தால் வாயோரம் தடவிப் பார்த்தேன். ஒரே மட்டம். வழித்துவிட்ட மாவு மாதிரி. இந்த வேலையை மனுஷன் இத்தனை வருஷமாக யாரும் பார்க்காத வராந்தாவில் உட்கார்ந்து செய்கிறாரே என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதிலிருந்து அவருக்குப் பால் விடாத தே ஓ ஆற்றும்போது சீனியை நானும் கரண்டி வழித்துப் போட ஆரம்பித்தேன்.

இங்கே இதெல்லாம் விளையாட்டு இல்லை. குண்டும் மருந்தும் அறைக்குள் பூட்டோடு இருக்கும். வெறும் கூடு மட்டும்தான் வெளிச்சத்துக்காக வராந்தா மேசைக்கு வரும். அதையும் காலையில் எண்ணிக் கொண்டுவந்து சாயங்காலம் எண்ணி உள்ளே வைப்பார். காலிக் கூடு ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாலும் இந்த நாட்டில் குற்றம். இது எனக்குத் தெரியும், அதனால் நான் அந்த மேசையைத் தாண்டிப் போகும்போது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். ஒரு வியாழக்கிழமை மட்டும் கட்டிக்கொள்ளவில்லை.

மெய் லிங் என்ற சீனப் பெண் அந்தக் கிளப்பில் சுடுகிறவள். மெலிந்த பெண், தன்னைவிட நீளமான பெட்டியில் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு வருவாள். போன தடவை மாநிலக் குழுவுக்கு ஆள் எடுத்தபோது மயிரிழையில் வாய்ப்பைத் தவறவிட்டாள். இந்தத் தடவை அந்த வியாழனுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அவள் துப்பாக்கியிலேயே சுட்டு, அந்தத் துப்பாக்கியின் வயிற்றுக்கு ஏற்ற மாதிரி ஆகிவிட்ட கூடுகளைப் பாக் ஹமிட் தனி டின்னில் வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்குச் சீவியாயிற்று. மருந்து போட வேண்டியதுதான் பாக்கி. அவளுடையது என்று தெரிவதற்கு ஒவ்வொரு கூட்டின் அடியிலும் பேனா மையால் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்து டின்களில் கிளப்புக்குச் சொந்தமான கூடுகள். அதே கம்பெனி, அதே முத்திரை, இன்னும் சீவாதவை.

அன்று பாக் ஹமிட்டுக்குக் கண் ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியிருந்தது. போகும்போது, கொஞ்சம் பார்த்துக்கொள் ஆச்சி, வெறும் கூடுதான், மதியத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கேண்டீனில் ஆள் இல்லை. நான் வராந்தாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனையும் பித்தளை. கழுத்தில் கரி, உடம்பில் பச்சைக் களிம்பு, அடியில் என்னமோ மைக்கறை. அன்று வியாழக்கிழமை வேறு. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் விளக்கையும் குடத்தையும் புளி போட்டு விளக்கிக் கவிழ்க்காத வீடு எங்கள் ஊரில் உண்டா? பித்தளை கறுத்துக் கிடக்கிற வீட்டில் பொம்பளை செத்துக் கிடக்கிறாளா என்று கேட்பார்கள். கேண்டீனில் மீன் குழம்புக்கு வைத்திருந்த புளியைக் கரைத்தேன். எல்லா டின்னையும் ஒரே பேசினில் கவிழ்த்தேன். தேங்காய் நாரால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். அடியிலிருந்த மைக்கறை லேசில் போகவில்லை, அதற்குக் கொஞ்சம் உப்பும் போட்டு அழுத்தித் தேய்த்தேன்.

பித்தளையில் அடையாளம் என்றால் எனக்குத் தெரிந்த அடையாளம் வேறு. என் கல்யாணச் சீர் வாங்கிய பாத்திரக்கடையில் ஒருவர் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, புள்ளி புள்ளியாகக் குத்திப் பேர் வெட்டிக் கொடுத்தார். குடத்தில், அண்டாவில், தாம்பாளத்தில், குத்துவிளக்கின் பாதத்தில் என் பேர். விசேஷ வீட்டுக்கு இரவல் போனாலும் பேரைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பாதிச் சீரை இங்கே கொண்டுவந்தேன். கப்பலில் ஏற்ற முடியாத பாதி என் தம்பி வீட்டில் இருக்கிறது. போன மாதம் போனில் முகம் பார்த்துப் பேசும்போது தம்பி பெண்டாட்டி அண்டாவைத் திருப்பிக் காட்டினாள். "உங்க பேரு தேஞ்சிக்கிட்டே வருது மதினி. இன்னும் கொஞ்ச நாள்ல இது என் அண்டாதான்" என்று சிரித்தாள். தேயட்டும். தேய்ந்தாலும் அது வெட்டிய பேர். மையால் போட்ட கோட்டை அடையாளம் என்று நான் எப்படி நினைப்பேன்?

பாக் ஹமிட் திரும்பி வந்தபோது வராந்தாவில் துண்டை விரித்து அத்தனையையும் வெயிலில் பரப்பியிருந்தேன். கார்த்திகை விளக்கு மாதிரி ஜொலித்தன. ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் அவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒன்றை எடுத்து அடிப்பக்கம் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று. "பாகுஸ், ஆச்சி" என்றார். நல்லது, நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய் அவருக்குத் தே ஓவும் தட்டு நிறையப் பீசாங் கோரெங்கும் கொண்டுவந்து வைத்தேன். மனுஷர் வாழைப்பழப் பொரியலைத் தொடவில்லை. வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மெய் லிங் வந்தாள். துண்டைப் பார்த்தாள், பாக் ஹமிட்டைப் பார்த்தாள், தன்னுடையது எது என்று கேட்டாள். எல்லாம் இங்கேதான் இருக்கிறது என்றார் அவர். அவள் முகம் வெளுத்துப்போனது. என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, சியாப்பா சூரோ?" யார் உன்னைச் செய்யச் சொன்னது என்று கேட்கிறாள்.

"கோத்தோர் லா. சாயா ச்சூச்சி" என்றேன். அழுக்கா இருந்துச்சு, கழுவினேன். வேலையைச் செய்தவளை நன்றி சொல்லாமல் அதட்டுகிறாளே என்று எனக்கு ரோஷம் வந்தது. அவள் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதுதான் பாக் ஹமிட் என்னிடம் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னார். அவள் கூடும் கிளப் கூடும் கலந்துவிட்டால், அவள் துப்பாக்கியில் எந்தக் கூடு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாது. தெரியாத கூட்டில் மருந்து போட்டு அந்தப் பெண் கையில் கொடுக்க மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை அவள் சுடாமல் போனாலும் சரி என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "சாலா சாயா" என்றார். தப்பு என்னுடையது, ஆச்சியிடம் சொல்லாமல் போனது நான்தான் என்று அந்தப் பெண்ணிடமும் சொன்னார்.

எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு தெரு கூடியிருக்கும். என் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்திருப்பார்கள், நானும் விட்டிருக்க மாட்டேன், பொழுது சாய்வதற்குள் அழுது சண்டை தீர்ந்து ஒருவர் வீட்டுக் குழம்பு இன்னொருவர் வீட்டுக்குப் போயிருக்கும். இந்த நாட்டில் எனக்கு ரொம்ப நாள் பிடிபடாத விஷயம் இதுதான். இவர்கள் திட்ட மாட்டார்கள். திட்டாத மனுஷனிடம் எப்படிச் சண்டை போட்டுச் சமாதானமாவது? அன்று அந்த வராந்தாவில் கையில் புளிவாசனையோடு நின்றபோது, யாராவது என்னை நன்றாக ஏசினால் தேவலை என்றிருந்தது. அதே சமயம், கண்கூடத் தெரியாமல் உட்கார்ந்துகொண்டு என் தப்பைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்ட அந்த மனுஷனைப் பார்க்க, இப்படியும் ஒரு வளர்ப்பு இருக்கிறதே என்று கும்பிடத் தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து பாக் ஹமிட் சட்டென்று நிமிர்ந்தார். மிஷினையும் கழுவினாயா என்று கேட்டார். அதைத் தொட்டாயா, திருகாணி எதையாவது திருப்பினாயா?

எனக்கு இருந்த ரோஷமெல்லாம் திரும்ப வந்துவிட்டது. "இத்து பெசி லா, பாக் ஹமிட். பெசி யாராச்சும் ஆசாம் போட்டு ச்சூச்சி பண்ணுவாங்களா?" என்றேன். அது இரும்பு. இரும்பைப் போய் எந்தக் கிறுக்கி புளி போட்டு விளக்குவாள்?

அவர் சிரித்தார் பாருங்கள். தாடியிலிருந்து பொடி உதிர உதிரச் சிரித்தார். படியில் அழுதுகொண்டிருந்த பெண்ணும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு விளக்கினார். மிஷின் அவர் காலையில் வைத்த இடத்திலேயே, மெய் லிங்கின் கூடுகளைச் சீவிய அளவிலேயே அப்படியே நிற்கிறது. அவளுடையதெல்லாம் அந்த அளவுக்கு ஏற்கெனவே சீவியது. கிளப்பினுடையது சுட்டபிறகு சீவாதது, ஆக நீளம் அதிகம். ஒவ்வொரு கூட்டையும் மறுபடி மிஷினில் வைத்துச் சுற்ற வேண்டும். மிஷினுக்குள் இருக்கிற கத்தி கடித்துப் பொடி விழுந்தால் கிளப்பினுடையது. கடிக்க ஒன்றுமில்லாமல் கத்தி சும்மா சுற்றினால் அது அவளுடையது. அழிந்துபோன கோட்டை நீளம் சொல்லிவிடும். அத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து ஒரே அளவாகச் சீவினாரே, அந்த வேலை இப்போது அவருக்கே சாட்சி சொல்ல வந்தது.

அவருக்குக் கண் தெளிய நேரமாகும். மெய் லிங்குக்கு மிஷினைத் தொடவே பயம். நான் சுற்றுகிறேன் என்றேன். அவர் யோசிக்கவில்லை, நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். ஒரு கூட்டை வைத்து இறுக்கிக் கொடுத்து, "பெலான் பெலான்" என்றார். மெதுவா, மெதுவா. கைப்பிடி என் கையில் இருந்தது, அவர் காதை மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மாக்கான்?" என்று கேட்பார். கத்தி தின்கிறதா?

கரகரவென்று கையில் இழுத்தால், "மாக்கான்" என்பேன். அது கிளப் டின்னுக்குப் போகும். எண்ணெய் விட்ட கதவு மாதிரிச் சும்மா போனால், "தா மாக்கான்" என்பேன். அது மெய் லிங்கின் டின்னுக்கு. வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போய்வந்ததும் மறுபடி உட்கார்ந்தோம். சனிக்கிழமையும். கண் தெளிந்த பிறகு அவளுடைய டின்னில் விழுந்த ஒவ்வொன்றையும் அளவுகோலில் வைத்துச் சரிபார்த்தார், நல்ல தண்ணீரில் அலசிக் காய வைத்து, அறைக்குள் கொண்டுபோய் மருந்தும் குண்டும் வைத்தார். கேண்டீனுக்கு வந்தவர்களிடமெல்லாம் நாசி லெமாக்கை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று மெய் லிங்தான் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி பீஸி" என்பாள். என்னைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை.

கடிக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத சில கூடுகளும் இருந்தன. கைப்பிடியில் ஒரு சின்ன உறுத்தல் மட்டும் தெரியும். விழுகிறது பொடியா, காற்றில் பறந்த தூசியா என்று தெரியாது. மாக்கான் என்றும் சொல்ல வாய் வரவில்லை, தா மாக்கான் என்றும் வரவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு அவரைப் பார்ப்பேன். பிறகு அவற்றை வாங்கி ஒரு பழைய பிஸ்கட் டின்னில் தனியாகப் போட்டார். அவளுக்குப் போதுமானது கிடைத்துவிட்டது. பிஸ்கட் டின்னில் இருப்பதையெல்லாம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "சிம்பான் டூலு" என்றார். இப்போதைக்கு எடுத்து வைப்போம்.

ஞாயிற்றுக்கிழமை கேண்டீனில் நல்ல கூட்டம். சுடும் இடத்துக்கு நான் போகவில்லை. வெடிச்சத்தம் மட்டும் கேட்கும். ஒன்று விழும், இடைவெளி, அடுத்தது. எது மெய் லிங்குடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? பாக் ஹமிட்டும் போகவில்லை. சுடும் இடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆறிப்போன தே ஓவைக் கையில் பிடித்தபடியே இருந்தார். ஏதோ ஒரு சத்தத்துக்கு மட்டும் அவர் கண் மூடித் திறக்கும். எது அவளுடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்க்காமல் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சட்டி வாழைப்பழம் கருகிப்போனது. கடைசியில் அவர் அந்த ஆறின தேத்தண்ணியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். சூடாக வேண்டும் என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

மெய் லிங் குழுவில் எடுக்கப்பட்டாள். வந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவளும் அப்படிச் செய்கிற ரகமில்லை. கரிபிடித்துத் திரும்பி வந்த கூடுகளின் டின்னை வராந்தா மேசையில் வைத்தாள். கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்து எனக்கு நீட்டினாள். ஒவ்வொரு கூட்டின் அடியிலும் நீயே ஒரு கோடு போடு ஆன்ட்டி என்றாள். "ஆசாம் பூன் தா ஹீலாங்." புளி போட்டாலும் போகாது. பாக் ஹமிட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோடு போட்டேன். எழுத்து எனக்குத் திக்கித் திக்கி வருமே தவிர, கோடு எல்லாம் நேராகத்தான் விழுந்தது. உங்கள் ஊராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டார். உளி வைத்துப் பேரே வெட்டியிருப்போம் என்றேன். இந்தக் கூட்டில் உளி வைத்தால் சுடும்போது பிளந்துவிடும், நம் பேரை அப்புறம் கல்லறைக் கல்லில்தான் வெட்ட வேண்டும் என்றார். அன்றிலிருந்து நான் கேண்டீனில் புளியைக் கரைத்தால் போதும், எங்கிருந்தாலும் அவர் குரல் வரும்.

"ஆச்சி, ஆசாம் உந்தோக் ஈக்கான் சாஜா." புளி மீனுக்கு மட்டும்தான்.

இப்போதும் வியாழக்கிழமைகளில் வீட்டில் என் குத்துவிளக்கை விளக்கிக் கவிழ்க்கிறேன். பாதத்தில் என் பேர் இன்னும் இருக்கிறது, விரல் வைத்தால் புள்ளிகள் உறுத்தும். கிளப்பில் மெய் லிங்கின் டின் தனி, கிளப் டின்கள் தனி. அந்தப் பழைய பிஸ்கட் டின்னுக்கு மட்டும் இதுவரை ஒரு வேலையும் வரவில்லை. பாக் ஹமிட் அதைக் குப்பையிலும் போடவில்லை, எதனோடும் சேர்க்கவும் இல்லை. காலையில் மற்ற டின்களை எண்ணி வராந்தாவுக்குக் கொண்டுவரும்போது அதையும் எண்ணிக் கொண்டுவருகிறார், சாயங்காலம் அதையும் எண்ணி உள்ளே கொண்டுபோகிறார். நான் மேசையைத் துடைக்கும்போது அந்த டின்னையும் ஈரமில்லாத துணியால் ஒரு தரம் துடைத்து, மூடியை அழுத்திவிட்டு, மற்ற டின்களின் வரிசையில் வைக்கிறேன்.